முதல் ஆறு மாதம்

ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம்.
"தேசியப் போட்டிகளில் நம் லீக்" என்று
தலைப்பைத் தலைவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.
அடியில் பென்சிலால் ஒரு குறிப்பு:
வெற்றிகளை முதலில் போடவும்.

ஜெலுத்தோங் அறையில் மின்விசிறி
இரண்டாம் எண்ணில் மட்டுந்தான் சுற்றும்.
கோப்புகளின் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எழுபத்தேழு. முதல் பயணம்.
பெரி ஏறி, பட்டர்வொர்த்தில் இரவு ரயில் பிடித்து
கோலாலம்பூரில் போய் இறங்கிய பதினாறு பையன்கள்.
போட்டது இரண்டு, வாங்கியது பத்தொன்பது.
இரண்டையும் போட்டவன் குவா தியெங் ஹின்.
ஒன்று முழங்காலில் பட்டு உள்ளே போனது என்று
வெகுகாலம் கழித்து ஒரு கல்யாண விருந்தில்
அவனே ஒப்புக்கொண்டான்.
கோப்பில் அது இன்னும் கோல்தான்.

எழுபத்தொன்பதில் தாப்பா தாண்டியதும் பஸ் படுத்துக்கொண்டது.
முதல் ஆட்டத்தைப் போய்ச் சேராமலே தோற்றோம்.
எண்பத்தொன்றில் கோல்காவலனுக்குச் சின்னம்மை.

எண்பத்துநான்கு.
இறுதியாட்டம். நேரக் கணக்கர் மேசையில் நான்,
வயது இருபத்து மூன்று,
குடை கடிகாரத்துக்கு, எனக்கில்லை.
இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரம். இடி.
மூன்றாவது இடியில் திடலின் விளக்குகள் போயின.
கூட்டு வெற்றியாளர் என்றார்கள்.
கோப்பை ஆளுக்கு ஆறு மாதம்.
யாருக்கு முதலில்?

காசு சுண்டினார்கள். எங்கள் வத்சலன் "தலை" என்றான்.
ஐம்பது காசில் அப்போது தலையும் கிடையாது, பூவும் கிடையாது;
ஒருபக்கம் நாடாளுமன்றக் கட்டடம்,
மறுபக்கம் எண்.
நடுவர் யோசித்தார்.
"கட்டடத்துக்குள்ளதான் சார் தலைங்க இருக்கு" என்றான் ஜஸ்பீர்.
யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு மழை.
எண்தான் தலை என்று முடிவாயிற்று.
விழுந்தது கட்டடம்.

முதல் ஆறு மாதம் தென்கரை லீக்கிடம்.
ஏழாம் மாதம் இன்னும் வரவில்லை.

எண்பத்தைந்தில் கடிதம் போட்டேன்.
பெயர் பொறிக்கக் கொடுத்திருக்கிறோம் என்று பதில்.
எண்பத்தாறில்: அலுவலகம் மாறுகிறோம், பொறுக்கவும்.
தொண்ணூறில் அவர்கள் செயலாளர் காலமாகிவிட,
கோப்பையைப் பற்றி எழுதிய தாளைக் கிழித்துவிட்டு
அனுதாபம் எழுதினேன்.
பிறகு ஃபேக்ஸ். பிறகு யாரோ ஒரு பையன் தொலைபேசியில்:
"எந்தக் கோப்பை, ஆன்ட்டி?"

நடுவில் மற்றதெல்லாம் நடந்தது.
செயற்கைப் புல் வந்தது. புல்லில் மட்டுமே ஓடிப் பழகிய எங்கள் கால்கள்
முதல் ஆட்டத்திலேயே தோலை அங்கே விட்டுவிட்டு வந்தன,
ஒன்பதுக்கு சுழியம்.
தொண்ணூற்றைந்தில் பெண்கள் அணி.
அடுத்த வருடமே சாந்தரூபிணி பெனால்டி கார்னரில் போட்ட கோலுக்கு
எதிரணிப் பயிற்சியாளர் கைதட்டினார். அது கணக்கில் வராது.
இரண்டாயிரத்து மூன்றில் மூன்றாமிடம்;
சோப்பு டப்பா அளவில் ஒரு வெண்கலத் தகடு.

வெற்றிகள்: ஒன்று.
எழுதினேன். அடித்தேன்.
வெற்றிகள்: அரை.
பார்க்கவே பரிதாபமாக இருந்தது.
தலைவரைக் கூப்பிட்டேன்.
"ஒண்ணுன்னே போடுங்க, யார் வந்து கேட்கப் போறா?"

அதுதான். யாரும் வந்து கேட்பதில்லை.
கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் பதினான்கு அங்குலம்
கோப்பைக்கென்று விட்டிருந்தேன்.
இப்போது அங்கே கோல்காவலரின் மாற்றுக் காலுறைகள்,
பாதி மைலோ டின், சாவியில்லாத பூட்டு ஒன்று.

தென்கரை லீக்கையே கலைத்துவிட்டார்களாம்.
பழைய முகவரியில் இப்போது கைப்பேசிக் கடை.
தெரிந்தும், போன மாதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன்,
நாற்பதாவது ஆண்டு அல்லவா.

வியாழனன்று அது திரும்பி வந்தது.
தபால்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
தாளை நீட்டினார்.
"பெற்றுக்கொண்டேன்" என்ற கட்டத்தில்
லீக்கின் சார்பாகக்
கையெழுத்துப் போட்டேன்.